தாய் கார்டு மூடிய பிறகு

கர்நாடகத்தில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவின் காதுக்கு எட்டியதும் அவள் பெயரில் ஒரு தாய் கார்டு போட்டுவிடுவார்கள். கடைசியாக மாதவிலக்கான தேதி, எடை, ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, போட்ட ஊசி, கொடுத்த இரும்பு மாத்திரை, பிரசவம் நடந்த இடம், பிள்ளையின் எடை எல்லாம் அதில் ஏறும். ராமாபுரத்துப் பக்கம் அதை ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அங்குள்ள ஒரு ஏழைப் பெண்ணின் உடம்பைப் பற்றி அரசாங்கம் இவ்வளவு அக்கறையாக எழுதிவைத்த தாள் வேறு கிடையாது. பிள்ளைக்குத் தடுப்பூசிகள் முடிந்து, பெண்ணுக்குக் கருத்தடை ‘ஆபரேசன்’ ஆனதும் கார்டு மூடிக்கொள்ளும். அப்போது அவளுக்கு 25 வயது இருக்கலாம். அதற்குப் பிறகும் அவளுக்கு உடம்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

ராமாபுரத்தை இன்னமும் மைசூர் மாவட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 1956 நவம்பர் 1க்கு முன்னால் ராமாபுரம் அடங்கிய கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூரோடு சேர்ந்தது. 1997இல் மைசூரிலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பின்னால் ராமாபுரம் இருக்கும் ஹனூர் தனித் தாலுகா ஆனது. பெயர்ப்பலகை இத்தனை முறை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் இன்றைக்கும் மைசூருக்குத்தான் ஓடவேண்டும். ஹனூர், கொள்ளேகால் எல்லாம் தாண்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2021 மே மாதம் சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒரே நாளுக்குள் 24 நோயாளிகள் இறந்தபோதுகூட, ஆக்சிஜன் சிலிண்டர் மைசூரிலிருந்து வந்துசேராததுதான் சண்டையாக இருந்தது.

தமிழரும் கன்னடியரும் சோளகரும் லம்பாடிகளும் கலந்து வாழும் எல்லைப்புறம் இது. வெளியே இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனால் தெரியும். 1992இல் அவன் ஆட்கள் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கிப் போலீஸ்காரர்களைக் கொன்றார்கள். அந்தக் கதை எத்தனையோ முறை படமாகவும் தொடராகவும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எதனால் சாகிறார்கள் என்பதை யாரும் படமெடுக்க மாட்டார்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, கால் வீக்கம், மூச்சு வாங்குகிறது, நாலு எட்டு நடந்தால் கண் இருட்டுகிறது என்று வரிசையாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றேன். “ஆபரேசன் ஆயி முப்பது வருசம் ஆச்சு சாமி. அதுக்கப்பறம் நம்ம எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம்?” என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி என்பது பிள்ளை பெறவும் பிள்ளைப்பேற்றை நிறுத்தவும் உள்ள இடம். அரசாங்கம் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடமும் அதுதான்.

இந்தப் பாடத்துக்கு வயது அதிகம். 1930 ஜூன் 11இல் மைசூர் சமஸ்தானம், தன் பெரிய ஆஸ்பத்திரிகளில் கருத்தடை நிலையங்கள் திறக்க ஆணையிட்டது. உலகத்தில் ஓர் அரசாங்கமே முன்னின்று கருத்தடை நிலையம் நடத்தியது அதுதான் முதல் தடவை என்று மக்கள்தொகை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கருத்தடைச் சாதனத்தைத் தபாலில் அனுப்புவது அப்போது குற்றம். அந்த வகையில் மைசூர் பெருமைப்படலாம். ராமாபுரம் அன்று கோயம்புத்தூர் கலெக்டரின் கீழ் இருந்ததால் அந்தப் பெருமையில் அதற்குப் பங்கில்லை.

அதே காலத்தில்தான் ஈரோட்டில் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் குடும்பத்தின், நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், நாமோ பெண்களின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஈரோட்டுக்கும் மைசூருக்கும் நடுவில் இருக்கிறது ராமாபுரம். இரண்டு வாதங்களில் எது அங்கே போய்ச்சேர்ந்தது என்று கேட்டால் பதில் சுலபம். விடுதலை வரவில்லை, கணக்குதான் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951–52இல் ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசும் சேர்ந்து மைசூர் மாநிலத்தில் பெரிய மக்கள்தொகை ஆய்வு ஒன்றை நடத்தின. 1961இல் அது நூலாக வந்தது. பெண்கள் எத்தனை பெறுகிறார்கள், எத்தனை போதும் என்று நினைக்கிறார்கள், எதனால் பிறப்பு கூடுகிறது, எதனால் குறைகிறது என்றெல்லாம் விவரமாகக் கேட்டுப் பதிந்தார்கள். 1952இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, மைசூர் மாநிலத்து ராமநகரத்தில் ‘பாதுகாப்பான நாட்கள்’ முறையைச் சோதித்தார்கள். நாட்களைக் கணக்கு வைத்துக்கொள்ளப் பெண்களிடம் நிறநிறமாக மணி கோத்த மாலைகளைக் கொடுத்தார்கள். நாள் ஒன்றுக்கு ஒரு மணி தள்ளவேண்டும், இந்த நிறம் என்றால் கணவனோடு சேரலாம், அந்த நிறம் என்றால் கூடாது. கணவன் மணியைப் பார்த்தா வருவான்? சோதனை தேறவில்லை. அந்த மாலையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கழுத்தில் மாலை போட்டு ஒரு பெண்ணின் மாதத்தை எண்ணிய அரசுக்கு அவள் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஆண்கள் பக்கமும் அரசு ஒருமுறை போய்ப் பார்த்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே நிதியாண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பகுதி ஆண்களுக்கு. அடுத்த தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். ஆணின் உடம்பில் கை வைத்தால் ஆட்சி போகும் என்று எல்லாக் கட்சிகளும் புரிந்துகொண்டன. அன்றிலிருந்து மொத்தச் சுமையும் பெண்ணின் அடிவயிற்றுக்கு மாறியது. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கர்நாடகத்தில் மணமான பெண்களில் 57 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ அதே அளவு. ஆண்களின் கணக்கு கர்நாடகத்தில் சுழியம், தமிழ்நாட்டில் 0.1.

கருத்தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டுப் பெற்று நாலைப் பறிகொடுத்த பாட்டிகளின் பேத்திகள் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால் அது அவர்கள் வென்ற வெற்றி. ஆஷாக்களும் நர்சுகளும் பிரசவத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்து தாய்மார் சாவைக் குறைத்ததும் சாதாரணக் காரியமில்லை. ஒரு லட்சம் பிரசவத்துக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்ற 2018–20 கணக்கில் இந்தியாவின் எண் 97, கர்நாடகம் 69, தமிழ்நாடு 54, கேரளம் 19. இந்த எண் இறங்க இறங்க அதிகாரிகளுக்கு மாலை விழும். என் சங்கடம் வேறு. பிரசவத்தில் சாகாமல் தப்பித்த பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று யாருடைய எண்ணும் சொல்வதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்ணின் ரத்தசோகையைப் பார்த்ததே 15 முதல் 49 வயது வரைக்கும்தான். அதாவது பெறக்கூடிய வயது. அதே கணக்கெடுப்பு ஆண்களிடம் 54 வயது வரை பேசியது. ஐம்பதைத் தொட்ட பெண்ணின் ரத்தம் புள்ளிவிவரத்தில் சேரவில்லை.

கருப்பை வழியாக மட்டும் பெண்ணைப் பார்க்கும் பார்வை எங்கெல்லாம் இருந்திருக்கிறது என்று தேடினால், அங்கெல்லாம் நிறமோ சாதியோ முன்னால் வந்து நிற்கிறது. 1840களில் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்கமருந்து கொடுக்காமலே திரும்பத் திரும்பக் கத்தி வைத்துத்தான் நவீன மகளிர் அறுவைச் சிகிச்சையின் ஒரு பகுதியைக் கற்றார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளியாக இருந்த ஃபேனி லூ ஹேமர், 1961இல் கட்டி எடுக்கப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தின் பெரிய குரலாக ஆனவர் அவர். 1973இல் அதே அலபாமாவில் ரெல்ஃப் குடும்பத்தின் இரண்டு சிறுமிகளுக்கு, 14 வயது ஒருத்திக்கு, 12 வயது இன்னொருத்திக்கு, படிக்கத் தெரியாத தாயிடம் கைநாட்டு வாங்கிக் கருத்தடை செய்தார்கள். 1973க்கும் 1976க்கும் இடையில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான சுகாதாரச் சேவை, நான்கே வட்டாரங்களில் 3,406 கருத்தடை அறுவைகள் செய்ததை அந்நாட்டுத் தணிக்கைத் துறையே வெளியிட்டது. இலங்கை மலையகத்தின் தோட்டத் தமிழ்ப் பெண்கள் தங்களுக்கு நடந்ததைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதே கதையின் வேறு பக்கம்.

நம் நாட்டுப் பக்கத்துக்கு ஒரே உதாரணம் போதும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, பூட்டிக் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் கருத்தடை அறுவை செய்தார். 13 பெண்கள் இறந்தார்கள். தலித்துகள், பழங்குடியினர், பிற்பட்ட சாதியினர். ஐம்பதாயிரம் அறுவைகள் செய்ததற்காக அந்த ஆண்டுதான் அந்த மருத்துவருக்கு மாநில அரசு விருது கொடுத்திருந்தது. 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

கருத்தடையோடு இது முடிந்துவிடுவதில்லை. முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமாகிறது, வெள்ளைப்படுகிறது, இடுப்பு கழன்றுபோகிறது. அரசு ஆஸ்பத்திரியில் தாய் கார்டு இல்லாத பெண்ணாக அவள் வரிசையில் நிற்கவேண்டும். கூலியை விட்டு எத்தனை நாள் நிற்பாள்? தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் தீர்வு சொல்வார்கள். “பையை எடுத்துரலாம்மா, விட்டுவெச்சா கேன்சராயிடும்.” மாத்திரையால் தீரக்கூடியதை, ஒரு ஸ்கேனும் சிறு திசுப் பரிசோதனையும் செய்து பார்த்து முடிவெடுக்க வேண்டியதை, கத்தி முடித்துவைக்கிறது. 2015இல் கர்நாடகத்தின் கலபுரகியில் லம்பாடி, தலித் பெண்கள் கேட்டது இதைத்தான். தனியார் ஆஸ்பத்திரிகள் தேவையில்லாமல் தங்கள் கருப்பையை எடுத்ததாகச் சொன்னார்கள். அரசு விசாரணைக் குழு போட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் ஒரு குழு 82,309 கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். அபராதத்துக்குப் பயந்து உறுப்பைக் கொடுத்தார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பத்தைந்து வயதிலேயே எலும்பு தேய ஆரம்பிக்கும், இதயத்துக்கு இருந்த பாதுகாப்பும் போகும். அந்தக் கேடு பத்து வருஷம் கழித்து வரும்போது அதற்குக் காரணம் கேட்க ஆளிருக்காது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ராமாபுரத்துப் பெண்ணிடம் அதை யார் போய்ச் சொல்வது?

மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கறுப்பினப் பெண்களின் உடம்பு வெள்ளைப் பெண்களின் உடம்பைவிட முன்னதாகவே மூப்படைகிறது, இருபதுகளின் கடைசியிலேயே தேய ஆரம்பித்துவிடுகிறது என்றார். மரபணு காரணமல்ல. நிற வேற்றுமைக்கு நடுவில் தினந்தோறும் வாழ்வதால், வெயிலிலும் மழையிலும் கிடந்த கூரை ஓடு மெல்ல இற்றுப்போவதுபோல உடம்பு இற்றுப்போகிறது. முதலில் பலர் கோபப்பட்டார்கள், பிறகு ஆதாரங்கள் சேர்ந்தன. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளைப் பெண்ணைவிடப் பேறுகாலத்தில் அதிகம் சாகிறாள் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வே 2019இல் சொன்னது. 2021இல் அங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேரும் வெள்ளைத் தாய்மார் 26.6 பேரும் இறந்தார்கள். 2023இல் இரண்டும் இறங்கி 50.3, 14.5 ஆயின. சாவு குறைந்தது, ஏற்றத்தாழ்வின் விகிதம் பெருத்தது. முன்பு இரண்டரை மடங்கு, பிறகு மூன்றரை மடங்கு. கோடீஸ்வரி, உலகப் புகழ் பெற்றவர் என்பதெல்லாம்கூட உதவாது. 2017இல் பிள்ளை பெற்ற மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் மூச்சுத் திணறலோடு, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்றார். வலி மருந்தில் ஏதோ பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். ஸ்கேன் எடுத்தபோது கட்டி இருந்தது.

நம் நாட்டில் இந்தத் தேய்மானத்தைச் சாதி செய்கிறது. ஐ.நா. மகளிர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் தலித் பெண் சராசரியாக இறக்கும் வயது உயர்சாதிப் பெண் இறக்கும் வயதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று இருந்தது. பதினான்கரை வருஷம் என்பது ஒரு பிள்ளை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் காலம். அத்தனை வருஷம் எங்கே போனது என்று கேட்டால் பெரிய பெயருள்ள நோய் எதையும் காட்டமுடியாது. பெரும்பாலும் ரத்தத்தில் கரைந்து போயிருக்கிறது.

ரத்தசோகையைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை, மருத்துவர்கள்கூடச் சலிப்போடுதான் பேசுகிறார்கள். “ரத்தம் கம்மி” என்று எழுதி மாத்திரையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. 2019–21 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பழங்குடிப் பெண்களில் ஏறக்குறைய 65, பட்டியல் சாதிப் பெண்களில் 59. ராமாபுரத்தைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் வாழும் சோளகரிடையே அரிவாள் வடிவச் செல் நோயும் இருக்கிறது. பிளிகிரிரங்கன் மலையில் 1981 முதல் டாக்டர் சுதர்சன் நடத்திவரும் விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திரம் அதில் முன்னோடியாக வேலை செய்தது. மற்றவர்களுக்குக் காரணம் எளிது. வெறுங்காலோடு காட்டில் நடப்பதால் கொக்கிப்புழு, தீராத ரத்தப்போக்கு, ஆண்களும் பிள்ளைகளும் தின்ற பிறகு மிஞ்சும் களி. கேழ்வரகில் இரும்பு இருந்தாலும் அதிலுள்ள ஃபைடேட் அதை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ மிச்சத்தையும் தடுக்கும். பன்னிரண்டு கிராம் இருக்கவேண்டிய இடத்தில் ஏழு கிராம் ஹீமோகுளோபினோடு ஒரு பெண் கல் சுமந்தால், குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓடவேண்டும். கொஞ்ச வருஷத்தில் அது விரிந்து தளர்ந்துபோகும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், கண் இருட்டும். கர்ப்பத்தின்போது கொடுத்த மாத்திரை பிள்ளைக்காகக் கொடுத்தது. பிள்ளை பிறந்து சில மாதத்தில் மாத்திரையும் நின்றது.

இதில் தோலின் நிறமும் குறுக்கே வருகிறது. ரத்தம் குறைந்தால் உடம்பு வெளிறும் என்று படித்துவிட்டு வருகிறார் இளம் மருத்துவர். கறுத்த தோலில் வெளிறல் எங்கே தெரியும்? கீழ் இமையை இழுத்துப் பார்க்கவேண்டும், நாக்கை நீட்டச் சொல்லவேண்டும், அதற்குப் பெண்ணைத் தொடவேண்டும். தொடாமல் எட்டி நின்று சீட்டு எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று நம் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. கருவியும் நிறம் பார்க்கிறது. விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆபத்தான ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கறுத்த தோல் இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டுமாம். அடுத்த ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலை நம்மைத் தாக்கியபோது இந்தியா முழுக்க அந்தக் கருவியின் எண்ணை வைத்துத்தான் படுக்கை கொடுத்தார்கள், வீட்டுக்கும் அனுப்பினார்கள். நம்மவர் விரலில் அது எவ்வளவு பொய் சொன்னது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராமாபுரத்துப் பெண்களுக்கு இவற்றுக்கு மேலேயும் இரண்டு சுமைகள் உண்டு. முதலாவது, வீரப்பன் வேட்டை. இரண்டு மாநில அதிரடிப்படைகளும் மாதேஸ்வரன் மலையில் ‘ஒர்க்‌ஷாப்’ என்று பேர் வைத்து நடத்திய சித்திரவதைக் கூடத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மின்சாரம் பாய்ச்சியதும் பாலியல் வன்முறையும் நீதிபதி சதாசிவா குழுவின் முன்னால் வந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த குழு அது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. ரூபாய்க்குக் கணக்கு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்த உடம்பு பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து என்ன பாடுபடுகிறது என்று பார்க்க ஒரு மருத்துவரை அனுப்புவது இழப்பீட்டில் சேராது போலும்.

இரண்டாவது, சூலவாடி. ராமாபுரம் காவல் எல்லைக்குட்பட்ட அந்த ஊரில் இருக்கிறது கிச்சுகுத்தி மாரம்மன் கோயில். 2018 டிசம்பர் 14 அன்று அங்கே கோபுர அடிக்கல் விழாவில் கொடுத்த பிரசாதச் சோற்றில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. கோயில் நிர்வாகச் சண்டையில் வேண்டுமென்றே கலந்தது என்பது வழக்கு. 17 பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இந்த விஷம் மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும். முதலுதவி மருந்தான அட்ரோபின் மலிவானது, சின்ன ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். மூச்சு நின்ற பிறகு வென்டிலேட்டர் வேண்டும். அதற்குக் காமகெரெ, கொள்ளேகால் என்று தாண்டித் தாண்டி மைசூர் போகவேண்டியிருந்தது. அங்கே ஒரே ஆஸ்பத்திரி தாங்காமல் பல ஆஸ்பத்திரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். பிழைத்தவர்களில் பலர் கைகால் வலிமை குறைந்தது, பார்வை மங்கியது, முன்போல வேலைக்குப் போகமுடியவில்லை என்று பின்னாட்களிலும் சொன்னார்கள். பிகாரில் 2013இல் பள்ளி மதிய உணவில் 23 பிள்ளைகளைக் கொன்றதும் இதே விஷம். உலகின் பல நாடுகள் எப்போதோ விலக்கிவிட்டன. இங்கே காய்கறிப் பயிருக்கு 2005இல் தடை வந்தபோதும் கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடித்த வயலில் மறுநாளே களை எடுக்கப் போகும் கைகள் பெண்களுடையவை. சூலவாடியில் ஒரே நாளில் சோற்றில் வந்தது, அவர்கள் கைகளில் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

மைசூர் அரச குடும்பம் ஒருகாலத்தில் தன் வீட்டுச் சாவிலிருந்து பாடம் கற்றது. இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியையும் அவர் மகள்களையும் காசநோய் கொண்டுபோனது. அவர் பெயரில் மைசூரில் காசநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. அரண்மனைப் பெண்ணின் நுரையீரலுக்கு ஆஸ்பத்திரி, குடியானவப் பெண்ணின் கருப்பைக்கு நிலையம் என்று பிரித்துச் சொன்னால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில் ஏழைகளும் பிழைத்திருக்கிறார்கள். ஆனாலும் உடம்பு முழுவதையும் பார்க்கும் மருத்துவம் யாருக்கு முதலில் கிடைத்தது என்பதில் சந்தேகமில்லை.

சமீபகாலத்தில் ராமாபுரத்துப் பெண்ணின் உடம்புக்கு நடந்த பெரிய நன்மை, சுகாதாரத் துறை செய்ததல்ல என்பது என் கருத்து. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 1930இல் மைசூர் ஆணை வந்த அதே ஜூன் 11 என்பது தற்செயல்தான். புருஷனிடமோ மகனிடமோ கைநீட்டாமல் மைசூர் வரை போய்வர முடிகிறது. ஆணின் அனுமதியோடு ஆஸ்பத்திரி போவதற்கும் தானாகப் போவதற்கும் உள்ள தூரம் நூறு கிலோமீட்டரைவிட அதிகம். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்கேகண்டி சோதனைச் சாவடி தாண்டினால் பர்கூர் மலை, ஈரோடு மாவட்டம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே மொழி பேசும், சொந்தக்காரியாகக்கூட இருக்கும் ராமாபுரத்துப் பெண்ணுக்கு அது கிடையாது. கர்நாடகம் 2024 அக்டோபரில் கோலாரில் ‘கிருஹ ஆரோக்ய’ என்று வீட்டுக்கு வரும் திட்டத்தை ஆரம்பித்தது. மலைக்கிராமத்துக்கு அது எந்த வேகத்தில் வரும் என்பதை ஆஷாக்களின் சம்பளப் போராட்டத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மாதம் முழுவதும் நடப்பவர்களுக்கு ஊக்கத்தொகை என்று சில்லறை கொடுத்துக்கொண்டு எந்தத் திட்டமும் வீடுவரை போகாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ‘பை’யை மட்டுமே பார்த்த மருத்துவம் அதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் குணமாகும் புற்றுநோய்களில் அது ஒன்று. வினிகர் அளவுக்கு எளிய அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்த்தே ஆரம்ப நிலையைக் கண்டுகொள்ளலாம், நர்ஸே செய்யலாம். 2019–21 கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. கர்நாடகத்தில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. கருத்தடைக்கு 57, புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒன்றுக்கும் கீழே. ஒரே அடிவயிறு, ஒரே பெண், ஒரே ஆஸ்பத்திரி.

தாய் கார்டைப் போல இன்னொரு கார்டு வேண்டும். ஆபரேசன் ஆன நாளில் ஆரம்பித்து அவள் சாகும்வரை ஓடும் கார்டு. அதில் ரத்தத்தின் அளவும் அழுத்தமும் சர்க்கரையும் மார்பும் கருப்பைவாயும் எலும்பும் இருக்கவேண்டும். எடுத்த உறுப்பை யார், எதற்காக எடுத்தார்கள் என்ற காரணத்துக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். அரசு அதைக் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அம்மாவுக்கு, அக்காவுக்கு, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை.